உள்ளங்கால் மச்சம்

உள்ளங்காலில் மச்சம் உள்ளவன் ஓர் ஊரில் நிலைக்க மாட்டான் என்பாள் ஆயா. நாக்கில் இருந்தால் சொன்னது பலிக்கும். கழுத்தில் இருந்தால் நகைக்குக் குறைவில்லை. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனை அடுத்து அச்சிட்டிருக்கும் மச்ச பலனை அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, யார் பிறந்த குழந்தையைக் கொண்டுவந்தாலும் உச்சி முதல் பாதம் வரை பார்த்துப் பலன் சொல்வாள். விரல் இடுக்கை விரிப்பாள், காதுமடலை மடக்குவாள், பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டுவாள். பலன் கிடக்கட்டும். ஒரு மனித உடம்பை அத்தனை பொறுமையாக முழுசும் பார்த்தவர் என்று எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.

அவள் சொன்னது ஒரு விதத்தில் பலித்தது. 2001 பிப்ரவரி 28 அன்று மைன்ஸை மூடினார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் பூமிக்குள் இறங்கியே சாப்பிட்ட ஊர், மறுநாளிலிருந்து ரயிலேறிச் சாப்பிட வேண்டியதாயிற்று. விடியும் முன்னே மாரிக்குப்பத்தில் வண்டி கிளம்பும். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆட்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். பங்காருப்பேட்டை தாண்டிப் பெங்களூர். இரவில் அதே வண்டியில் திரும்பி, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டுக்குள் நுழைவார்கள். ஊருக்கே உள்ளங்காலில் மச்சம் முளைத்துவிட்டது என்று ஆயா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

பெரியப்பாவுக்கு நிஜமாகவே இருந்தது. இடது குதிகாலில். எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. மைன்ஸ் மூடிச் சில வருஷம் கழித்து, காலைத் தேய்த்துவிடும்போது பெரியம்மாதான் முதலில் பார்த்தாள். "இன்னாங்க இது, தார் ஒட்டிக்கினு கீதா?" மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. "பூட்ஸ் அழுத்தின ரத்தக்கட்டு, வுடு" என்று காலை இழுத்துக்கொண்டார் அவர்.

அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடிமட்டத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். வியர்வை வழிந்து பூட்ஸுக்குள் தேங்கும், ஷிஃப்ட் முடிந்து கேஜில் மேலே வந்ததும் கழற்றிக் கவிழ்த்துக் கொட்டுவார்களாம். கால் வெடிப்பு, கால் ஆணி, கறுத்துச் செத்த நகம், கல் விழுந்த தழும்பு இல்லாத ஆளே அண்டர்கிரவுண்டில் கிடையாது. அத்தனைக்கும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியை யார் கணக்கில் எடுப்பார்கள்?

உடம்பில் நாங்கள் பார்த்த இடம் நெஞ்சு மட்டும்தான். அதற்குக் காரணம் இருந்தது. பாறைத் தூள் நுரையீரலில் படியும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக 1934இல் எங்கள் ஊரில்தான் பதிவானது. 1940களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 43.7 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருந்தது. அதனால் எக்ஸ்ரே தெரியாத வீடே எங்கள் லைனில் இல்லை. இருமல் வந்தால் பயப்படக் கற்றுக்கொண்டோம். ஏர் பிளாஸ்ட் என்று நாங்கள் சொல்லும் பாறைவெடிப்பில் வீட்டுப் பாத்திரம் அதிர்ந்தால் ஷாஃப்டை நோக்கி ஓடக் கற்றுக்கொண்டோம். தோலைப் பார்க்க யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

தோல் புற்றுநோய் என்றாலே வெள்ளைக்காரர்களுக்கு, வெயிலில் படுத்துக் கிடப்பவர்களுக்கு என்று ஓர் எண்ணம் இருக்கிறதே, அது பாதி உண்மைதான். மெலனோமா எனும் மச்சப் புற்று அவர்களுக்கு வெயில் பட்ட முதுகிலும் காலிலும் வருவது அதிகம். இந்தியாவில் இது அரிது. ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஆனால் நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது வரும்போது பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் இடம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. வெயிலுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. எங்கள் சுரங்கத்துக்குள் ஏது வெயில்? 1965இல் எங்கள் சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் கருவிகளை வைத்து, வானத்திலிருந்து வரும் நியூட்ரினோ துகள்களின் தடத்தைப் பிடித்தார்கள். மற்ற கதிர்களைப் பெரும்பாலும் மேலே உள்ள பாறையே தடுத்துவிடும் என்பதால்தான் அத்தனை தூரம் இறங்கினார்கள். பகல் வெளிச்சமே எட்டாத அந்த இருட்டில் பாதி ஆயுளைக் கழித்தவர் பெரியப்பா. மேலே இருந்த நேரத்திலும் அவர் குதிகால் மண்ணைத்தான் பார்த்தது, சூரியனை அல்ல.

எங்கள் ஊர்ப் பையன்களுக்கு கிடார் என்றால் உயிர். ஆங்கிலோ இந்தியர்கள் விட்டுப்போன பழக்கம் அது. கிறிஸ்துமஸ் சமயத்தில் லைனுக்கு லைன் பேண்ட் இருக்கும். சித்தப்பா மகன் அறையில் பாப் மார்லி படம் ஒன்று ஒட்டியிருந்தான். அந்த மனிதர் எதனால் செத்தார் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. 1977இல் மார்லியின் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் மெலனோமா கண்டுபிடித்தார்கள். பந்தாட்டத்தில் பட்ட அடி என்று முதலில் நினைத்திருந்தார். விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே மாதம், 36 வயதில் இறந்தார். ஜமைக்காவின் பெரும் பாடகனும் சாம்பியன் ரீப்ஸ் மைனரும் ஒரே சமாதானத்தைத் தங்களுக்குச் சொல்லிக்கொண்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. அடிபட்டது, தானாகப் போய்விடும்.

அடிபட்ட ரத்தக்கட்டா இல்லையா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நகத்தடியில் கட்டிய ரத்தம் நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும். கறுப்பின் அடி விளிம்பு இருக்கும் இடத்தில் நகத்தின் மேல் லேசாக ஒரு கீறல் போட்டுவைத்தால் போதும். கைவிரல் நகம் மாதம் 3 மில்லிமீட்டர் போல வளரும், கால் நகம் அதில் பாதிதான். கீறலும் கறுப்பும் சேர்ந்து முன்னே போய், பின்னால் சுத்தமான நகம் வந்தால் ரத்தம். அடியிலிருந்து நுனிவரை கோடாக நின்று, போகப் போக அகலமானால், கறுப்பு நகத்தை விட்டு வழிந்து பக்கத்துத் தோலிலும் ஏறினால், அன்றே டாக்டரிடம் கிளம்ப வேண்டும். நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இயல்பாகவே உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு விரலில் மட்டும் புதிதாக வந்து தடிக்கும் கோடுதான் விஷயம். உள்ளங்காலிலும் அப்படியே. ரத்தக்கட்டு சில வாரத்தில் மங்கி உதிரும். உதிராததைக் காட்ட வேண்டும்.

பெரியப்பாவுக்கு மருந்துக்கடையில் கால் ஆணி பிளாஸ்டர் கொடுத்தார்கள். ஆணி கறுப்பாக இருக்காது. நடுவில் கெட்டியாக ஒரு குருத்து இருக்கும், நடந்தால் குத்தும். இவருக்கு வலியே இல்லை. வலி இல்லாததால் யாருக்கும் அவசரமும் இல்லை. பிறகு ஒரு சின்ன கிளினிக்கில் மின்சார ஊசியால் சுட்டு எடுத்தார்கள். எடுத்தது குப்பைக் கூடைக்குப் போனது. அந்த இடத்தில் என் கோபம் இன்றும் ஆறவில்லை. சுட்டது கூடப் பரவாயில்லை, எதைச் சுட்டோம் என்று பார்க்காமல் எறிந்தது பெரிய குற்றம். கருகிய சதையை மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் பாதி விஷயம் தெரியாது. புண் ஆறியது, ஓரத்தில் கறுப்பு மறுபடி எட்டிப்பார்த்தது, பிறகு கசிய ஆரம்பித்தது.

என்னவென்று பார்க்காமலே மச்சத்தை எடுத்துவிடத் துடிப்பதை வேறோர் இடத்திலும் பார்த்திருக்கிறேன். அண்ணிக்குத் தாடையில் மிளகு அளவு ஒரு மச்சம். கல்யாணத்துக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று அவள் அம்மா பிடிவாதம். ஒருத்தர் சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைக்கச் சொன்னார். இன்னொருத்தர் குதிரைவால் முடியால் கட்டச் சொன்னார். கழுத்தில் தொங்கும் மருவுக்கு முடி கட்டுவது நம் பக்கம் பழைய வழக்கம், ரத்த ஓட்டம் நின்று அது விழுவதும் உண்டு, சீழ் பிடிப்பதும் உண்டு. தட்டையான மச்சத்தில் எதைக் கட்டுவது? சுண்ணாம்பு தோலை வேகவைத்துவிடும். மச்சம் போய்ப் பள்ளம் நிற்கும்.

அண்ணி கடைசியில் தோல் டாக்டரிடம்தான் போனாள். அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னதை அவளிடமிருந்து கேட்டேன். மச்சம் மேடாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, தோலோடு ஒட்ட மெல்லிய கத்தியால் சீவி எடுத்துவிடலாம். தையல் வேண்டாம், ஆனால் வேர் கொஞ்சம் தங்கி மறுபடி கறுக்கலாம். ஆழமாக இருந்தால் கண் வடிவத்தில் அறுத்துத் தையல் போட வேண்டும். முகத்தில் ஒரு வாரத்துக்குள் தையல் பிரித்துவிடுவார்கள், மெல்லிய கோடு மிஞ்சும். ரேடியோ அலையால் கரைப்பதும் லேசரும் உண்டு. மருவுக்கும், நடுவயதில் கன்னமெல்லாம் மிளகு மிளகாக வருமே, அந்தக் கறுப்புக் குருணைகளுக்கும் அவை நல்லவை. ஆனால் லேசர் மச்சத்தை ஆவியாக்கிவிடும், பரிசோதனைக்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே சிறிதும் சந்தேகம் உள்ள மச்சத்தில் லேசர் படக்கூடாது. நெஞ்சு, தோள், தாடை ஓரம் ஆகிய இடங்களில் நம் தோல் தடித்த தழும்பாக எழும்பும் குணமுடையது, அழகுக்காக எடுக்கப்போய் மச்சத்தைவிடப் பெரிய தழும்பு வந்து நிற்கலாம் என்பதையும் சொன்னாராம். அதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணி எடுக்கவே வேண்டாம் என்று திரும்பிவிட்டாள். கல்யாண ஃபோட்டோவில் அந்த மச்சம் இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு சராசரி மனிதனுக்குப் பத்து முதல் நாற்பது மச்சம் வரை இருக்கும். நிறம் தரும் செல்கள் ஓரிடத்தில் கூடிக்கொள்வது, அவ்வளவுதான். குழந்தைப் பருவத்திலிருந்து முப்பது, நாற்பது வயதுவரை புதிது புதிதாக வரும், வயதானால் சில மங்கும். அதில் முடி முளைப்பது கெட்ட அறிகுறி இல்லை. எதைப் பார்த்து அஞ்ச வேண்டும் என்பதை 1985இல் நியூயார்க் மருத்துவர்கள் எளிய விதியாக எழுதினார்கள். நடுவே கோடு போட்டால் ஒரு பாதி மறு பாதியோடு பொருந்தாதது, ஓரம் கிழிந்தாற்போல் இருப்பது, ஒரே மச்சத்தில் கறுப்பும் பழுப்பும் சிவப்பும் கலந்திருப்பது, 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சிலின் ரப்பர் முனையைவிட அகலமாக இருப்பது. மாறிக்கொண்டே இருப்பது என்ற ஐந்தாவதைப் பின்னால் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் வைக்க வேண்டும். உடம்பிலுள்ள மற்ற மச்சங்களோடு சேராமல் ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தால் அதையும் காட்ட வேண்டும். அரிப்பு, கசிவு, தொட்டால் ரத்தம், ஆறாத புண், எல்லாம் இந்தக் கணக்கில் வரும். உள்ளங்காலில் சில சமயம் கறுப்பே இல்லாமல் சிவந்த சதையாக, ஆறாத வெட்டுக்காயமாகவும் அது உட்கார்ந்திருக்கும்.

மைன்ஸில் ஆளை அடையாளம் பார்ப்பதும் ஒரு காலத்தில் மச்சத்தையும் தழும்பையும் வைத்துத்தான். முகத்தில் தழும்பு, கையில் மச்சம் என்று படிவத்தில் எழுதுவது இன்றைக்கும் டிரைவிங் லைசென்ஸ் வரை தொடர்கிறது. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது ஊரே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. "நாம இன்னா திருடனா?" என்று அப்போது கேட்டதாகத் தாத்தா சொல்லி அப்பா சொல்வார். கடைசியில் பெங்களூரில் ஒரு தோல் டாக்டர் பெரியப்பாவின் குதிகாலை டெர்மோஸ்கோப் என்ற சின்ன விளக்குக் கண்ணாடியால் பார்த்தபோது எனக்கு அந்த வேலைநிறுத்தம்தான் நினைவுக்கு வந்தது. ஏனென்றால் அவர் பார்த்தது ரேகையை. உள்ளங்காலிலும் கைரேகை போலவே வரிகள் உண்டு. உழுத நிலத்தின் சாலும் வரப்பும் மாதிரி பள்ளமும் மேடும். சாதாரண மச்சத்தின் கறுப்பு பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மேட்டின் மேல் பட்டையாக ஓடினால் சந்தேகம். உள்ளங்கால் மெலனோமா மிகுந்த ஜப்பானில் மருத்துவர்கள் கண்டறிந்த வித்தியாசம் இது. கத்தியே படாமல், சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். பெரியப்பாவின் குதிகாலில் கறுப்பு மேடுகளில் ஓடியது.

சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் அவர் எழுந்துவிட்டார். "கத்தி பட்டா பரவிடும், எத்தினி பேரைப் பாத்திருக்கேன்." அந்தப் பயம் எங்கள் லைனில் எல்லோருக்கும் உண்டு. கத்தி படுவதால் புற்று பரவுவதில்லை. பரவியபின் கத்தி பட்டவர்களைத்தான் அவர் பார்த்திருந்தார். மச்சம் சின்னதாக இருந்தால் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் போல நல்ல தோலோடு முழுசாக எடுத்து அனுப்புவார்கள். பாதத்தில் பெரிதாகப் படர்ந்திருந்தால் மிகத் தடித்த, மிகக் கறுத்த இடத்திலிருந்து ஒரு துண்டு. அரை மணி நேர வேலை.

அறிக்கை வந்தபோது அதில் முக்கியமாக ஓர் எண்தான் இருந்தது. ஆழம். அமெரிக்க நோயியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் காட்டியது இது. மெலனோமா எத்தனை அகலம் என்பதைவிட, தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதே ஆயுளைச் சொல்லும். 1 மில்லிமீட்டருக்குள் பிடித்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். 4ஐத் தாண்டினால் நிலைமை கடினம். டாக்டர் விளக்கியதைக் கேட்டுவிட்டுப் பெரியப்பா, "நாங்க பத்தாயிரம் அடி எறங்கினவங்க சார்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. பெரியப்பாவுக்கு 2 மில்லிமீட்டருக்கும் மேல் இறங்கியிருந்தது.

கர்நாடக அரசின் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை பெங்களூரில் 1973இலிருந்து இருக்கிறது. கோலார் ஜில்லாவுக்குப் போக்கிடம் அது, இல்லையென்றால் மறுபக்கம் வேலூர் சி.எம்.சி. எங்கள் ஊரிலேயே சாம்பியன் ரீப்ஸில் மைன்ஸ் ஆஸ்பத்திரி இருந்தது. பிரசவமானாலும் எலும்பு முறிந்தாலும் அங்கேதான். சுரங்கத்தோடு அதுவும் மூடிக் கிடந்து, 2021 கொரோனா இரண்டாம் அலையில் தன்னார்வலர்கள் கூடிச் சுத்தம் செய்து திறந்தபோது, உள்ளே போய்ப் பார்த்த பழைய நர்ஸம்மாக்கள் அழுதார்கள். அது இருபது வருஷமும் திறந்திருந்தால், வாரம் ஒரு நாள் ஒரு தோல் டாக்டர் வந்து உட்கார்ந்திருந்தால், எத்தனை கால்களை நேரத்தோடு பார்த்திருக்கலாம் என்று என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு புள்ளியைக் காட்ட ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ரயிலேற மாட்டார்கள்.

பெரியப்பாவுக்குக் குதிகாலில் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் விட்டு அறுத்தார்கள். பாதத்தில் தைத்து மூடத் தோல் கிடையாது, தொடையிலிருந்து எடுத்து வைத்தார்கள். அடிவயிற்று இடுக்கில் நெறிகட்டும் இடத்திலிருந்து ஒரு நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்த்தார்கள், அதில் இல்லை. இருந்திருந்தால் நோய் எதிர்ப்பைத் தூண்டும் புதிய ஊசிகள் உண்டு, பலருக்கு வேலை செய்கின்றன, ஆனால் அவற்றின் விலையை, மைன்ஸ் மூடியபோது வந்த செட்டில்மெண்ட் பணம் எப்போதோ தீர்ந்த வீட்டில் சொல்ல முடியாது. பல மாதம் கட்டிலில் கிடந்தார். இப்போது ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார். குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒரு முறை அதே ரயிலில் போய் இடுக்கைத் தடவிக் காட்டிவிட்டு வருகிறார்.

பாக்கிப் பணம், வீட்டுப் பட்டா என்று பழைய மைனர்கள் இன்னும் கூடிப் பேசுவார்கள். அங்கே பெரியப்பா மனு விஷயம் முடிந்ததும் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்கிறார். முதலில் வெட்கப்பட்டார்கள். தன் பாதத்தைத் தானே பார்க்கக் குனிய முடியாத வயது, சர்க்கரை வேறு. பெண்டாட்டி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மாதம் ஒரு தரம் போதும். செல்போனில் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டால், அடுத்த மாதம் வளர்ந்ததா என்று சண்டையில்லாமல் தெரியும் என்று பேரப்பிள்ளைகள் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

அப்படிப் பார்த்ததில் பெரியப்பாவின் ஷிஃப்ட் கூட்டாளி ஒருவருக்கு வலது கால் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு. கீறல் போட்டு இரண்டு மாதம் வைத்துப் பார்த்தார்கள், கீறல் நகர்ந்தது, கோடு அடியிலிருந்தே நிற்கிறது. அவரும் முதலில் பக்கத்திலேயே சுட்டுக்கொள்ளத்தான் கிளம்பினார். எடுப்பதைப் பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா என்று உள்ளே நுழையும்போதே கேள், அனுப்ப மாட்டோம் என்றால் உட்காராதே, எழுந்து வா என்று பெரியப்பா சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டிருக்கிறார். எழுந்து வந்துவிட்டார். திங்கட்கிழமை விடிகாலை வண்டிக்குப் பெங்களூர் போகிறார்கள், பெரியப்பாவும் கூடப் போகிறார்.